யூடியூப் வாத்தியார்களும் ஒரு வெள்ளைப் பந்தும்

கோல்ஃப் சொல்லிக்கொடுக்கும் வீடியோக்களில் வருகிறவர்கள் எல்லாரும் பிரமாதமாக அடிக்கிறார்கள். எனக்கு அதுதான் முதல் பிரச்சினை. "பலபேர் இப்படித்தான் தப்பாக அடிப்பார்கள்" என்று சொல்லி ஒரு ஷாட்டை நடித்துக் காட்டுவார்கள் பாருங்கள், அதுகூட என்னுடைய நல்ல ஷாட்டைவிட நேராகப் போகும்.

எடின்பரோவுக்குக் குடிவந்த பிறகுதான் இந்த ஆட்டம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஊரில் இருந்தவரை கோல்ஃப் என்றால் கிண்டி ரேஸ்கோர்ஸுக்குள் யாரோ ஆடுவது. கிளப் மெம்பர்ஷிப், சிபாரிசு, பெரிய இடத்து விவகாரம். இங்கே கதையே வேறு. நகரத்தின் நடுவில் புரண்ட்ஸ்ஃபீல்டு லிங்க்ஸ் என்று ஒரு திறந்த புல்வெளி இருக்கிறது. வேலி கிடையாது, கட்டணம் கிடையாது. கோடையில் 36 குட்டிக் குழிகளை வெட்டிக் கொடி நட்டு வைத்திருப்பார்கள். ஒரு வெட்ஜ், ஒரு பட்டர் என்று இரண்டு மட்டைகள் பையில் இருந்தால் ஆபீஸ் முடிந்து போய் ஆடலாம். பக்கத்திலேயே கல்லூரிப் பிள்ளைகள் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். நாய் ஒன்று உங்கள் பந்தைக் கவ்விக்கொண்டு ஓடினால் யாரும் பதறமாட்டார்கள். 1457-லேயே ஸ்காட்லாந்து நாடாளுமன்றம், ஜனங்கள் வில்வித்தை பழகாமல் வீணாய்ப்போகிறார்கள் என்று கால்பந்தையும் கோல்ஃபையும் தடை செய்தது. தடை போடுகிற அளவுக்கு அன்றைக்கே ஆடியிருக்கிறார்கள். புரண்ட்ஸ்ஃபீல்டில் கூட்டம் தாங்காமல்தான் 1889-ல் நகரத்தின் தெற்கே பிரெய்டு ஹில்ஸில் பொதுமக்களுக்கென்று பெரிய மைதானம் திறந்தார்கள். கோட்டையும் கடலும் தெரிகிற மலை அது. டிரைவர் மட்டையை எடுத்து ஓங்கி அடிக்க அங்கேதான் போகவேண்டும்.

ஆக, ஆடும் இடம் மலிவு. வாத்தியார் மலிவில்லை. அதனால் என்னைப் போன்றவர்களுக்கு ஃபோன்தான் வாத்தியார்.

எனக்குக் கூடுதலாக ஒரு உதவி வாத்தியாரும் உண்டு. மனைவியின் தம்பி. லிவிங்ஸ்டனில் இருக்கிறான். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் லிங்க் வந்தால் அவன்தான். மறுநாள் காலையில் பயிற்சி ரேஞ்சில் நிற்கும்போது ஆரம்பிப்பான்.

"அத்தான், நீங்க கீழ இறங்கும்போது தோள முன்னாடி தள்ளுதீங்க. நேத்து அனுப்புனேன்லா, பாக்கலையா?"

"முந்தாநாள் இடுப்புன்னு சொன்னே."

"அது வேற ஆளு அத்தான். இவரு சொல்றதுதான் கரெக்ட்டு."

அடுத்த வாரம் இன்னொருவர் வருவார். தலையை ஆட்டாதே என்பார் ஒருவர். தலை தன்பாட்டுக்கு அசையட்டும், விடு என்பார் அடுத்தவர். இடது கை மடங்கவே கூடாது என்பார் ஒருவர்; விறைப்பாக வைத்தால் குடிமுழுகியது என்பார் இன்னொருவர். இவர்கள் யாரும் போலிகள் இல்லை. முறைப்படி தேர்ச்சி பெற்ற பயிற்சியாளர்கள். ரிக் ஷீல்ஸ், டேனி மாட் மாதிரி இங்கிலாந்துக்காரர்கள் எவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் சும்மா சொல்லக்கூடாது, மரியாதை வருகிறது. பிறகு ஏன் இத்தனை முரண்?

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். பார்த்துக் கற்பது இந்த ஆட்டத்தில் புதிதே இல்லை. பாபி ஜோன்ஸ் அட்லாண்டாவில் சிறுவனாக இருந்தபோது, ஈஸ்ட் லேக் கிளப்பில் ஸ்டூவர்ட் மெய்டன் என்பவர் பயிற்சியாளர். இங்கே ஸ்காட்லாந்தின் கர்னூஸ்டியிலிருந்து அமெரிக்கா போனவர். பையன் அவர் பின்னாலேயே சுற்றினான், அவர் அடிப்பதைப் பார்த்து அப்படியே காப்பியடித்தான். முறையான பாடம் என்று ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பையன்தான் 1930-ல் அமெரிக்கா, பிரிட்டன் இரண்டின் ஓபன், அமெச்சூர் பட்டங்கள் நான்கையும் ஒரே ஆண்டில் வென்று, 28 வயதில் போட்டிகளிலிருந்து ஒதுங்கினான்.

ஒதுங்கிய மறு ஆண்டே சினிமாவுக்குப் போனார் ஜோன்ஸ். 1931-ல் வார்னர் பிரதர்ஸ் 'ஹவ் ஐ ப்ளே கோல்ஃப்' என்று 12 குறும்படங்கள் எடுத்தது. 1933-ல் இன்னும் ஆறு. தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் ஓடுவதற்காக எடுத்தவை. பாடம் மட்டும் காட்டினால் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்களே, அதனால் டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ் மாதிரி நகைச்சுவை நடிகர்களைப் போட்டு ஒரு சின்னக் கதையும் சேர்த்தார்கள். இன்றைக்கு யூடியூபில் பயிற்சியாளர்கள் 'சேலஞ்ச்' வைத்து, பந்தயம் கட்டி, நடுவில் கொஞ்சம் பாடம் சொல்வதும் அதே வியாபாரம்தான்.

மெய்டனைப் பார்த்து ஜோன்ஸ் கற்றார். ஜோன்ஸின் படத்தைப் பார்த்தவர்கள் ஜோன்ஸ் ஆகிவிடவில்லை. சின்ன வயதில், வருஷக்கணக்கில், பக்கத்தில் நின்று பார்ப்பது ஒரு வகை. நாற்பதைத் தாண்டியபின் சோபாவில் சாய்ந்து பத்து நிமிஷம் பார்ப்பது வேறு வகை. வீடியோ கேசட் காலத்தில் 'ஸைபர்விஷன்' என்று ஒன்று வந்தது. 1977-ல் பிஜிஏ டூர் போட்டியில் முதன்முதலாக ஒரு சுற்றை வெறும் 59 அடியில் முடித்த அல் கைபெர்கர் அதில் ஒரே ஸ்விங்கைத் திரும்பத் திரும்ப ஆடிக்காட்டுவார். விளக்கம் குறைவு. பார்த்துப் பார்த்து உடம்பில் ஏற்றிக்கொள் என்பது அவர்கள் கணக்கு. எனக்கென்னவோ இன்றைய பேச்சு மிகுந்த வீடியோக்களைவிட அது நேர்மையான முயற்சி என்று தோன்றுகிறது.

புத்தகம் படித்துக் கற்றவர்களும் உண்டு. மாரிஸ் ஃப்ளிட்கிராஃப்ட் இங்கிலாந்தில் பாரோ ஊரில் கிரேன் ஓட்டியவர். நூலகத்திலிருந்து எடுத்த பயிற்சிப் புத்தகம், கடற்கரையில் கொஞ்சம் பழக்கம், இவ்வளவுதான் மூலதனம். 1976-ல் 'தொழில்முறை ஆட்டக்காரர்' என்று படிவத்தில் நிரப்பிக் கொடுத்துவிட்டு, பிரிட்டிஷ் ஓபன் தகுதிச் சுற்றில் போய் நின்றுவிட்டார். 121 அடித்தார். ஓபன் வரலாற்றிலேயே மோசமான ஸ்கோர். அவரைப் பற்றிப் பிற்பாடு சினிமாவே எடுத்தார்கள். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் ஏன் இத்தனை முரண் என்ற என் கேள்விக்குப் பதில் கிடைத்தது வேறொரு புத்தகத்தில். பென் ஹோகன் 1957-ல் எழுதிய 'ஃபைவ் லெஸன்ஸ்'. அந்தோணி ராவியெல்லி வரைந்த படங்களோடு வந்தது. இன்றுவரை அச்சில் இருக்கிறது, பாதி யூடியூப் பாடங்களுக்கு மூலமும் அதுதான். ஹோகனுக்கு இளமையில் இருந்த வியாதி 'ஹூக்'. வலக்கை ஆட்டக்காரரின் பந்து இடது பக்கம் சுருண்டு ஓடிவிடுவது. அதை அடக்கத்தான் பிடியைத் தளர்த்தினார், அதாவது இடது கையை இடப்பக்கம் திருப்பிப் பிடித்தார், ஸ்விங்கையும் மாற்றினார். அப்படிக் கண்டுபிடித்ததையெல்லாம் எல்லாருக்குமான அடிப்படையாக எழுதினார். புதிதாக ஆடுகிறவர்களுக்கோ பெரும்பாலும் நேர்மாறான நோய்: 'ஸ்லைஸ்'. பந்து வலது பக்கம் வளைந்து புதருக்குள் போகும். ஸ்லைஸ்காரர் ஹோகன் பிடியைப் பிடித்தால் பந்து இன்னும் வலதுபக்கம் ஓடும். ஹோகன் பொய் சொல்லவில்லை. அவர் உங்களைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

வீடியோவுக்கும் இதே கதைதான். ஃபோனுக்குள் இருக்கும் வாத்தியாருக்கு நான் அடித்த பந்து எங்கே போனது என்று தெரியாது. தெரிந்த ஒரே சாட்சி அந்தப் பந்து. அதனால் இப்போதெல்லாம் 'இப்படி அடி' என்கிற வீடியோவைத் தள்ளிவிட்டு, பந்து போன விதத்தைப் படிக்கச் சொல்லித்தருகிற வீடியோவை மட்டும் பார்க்கிறேன். எண்ணிக்கையில் அவை குறைவு. பார்வைகளும் குறைவு. தலைப்பில் 'ஒரே நிமிஷத்தில் 30 கஜம் கூட' என்று போடமுடியாதே.

பந்தைப் படிப்பது என்றால் என்ன? பழைய பயிற்சிப் புத்தகங்கள் பலவற்றில் இப்படி இருக்கும்: கிளப், அதாவது மட்டை, வீசப்படும் திசையில் பந்து கிளம்பும், கிளப்பின் முகம் பார்க்கும் திசைக்கு வளையும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உண்மை கிட்டத்தட்டத் தலைகீழ். தியோடர் ஜோர்கன்சன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1990-களிலேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். 2003-ல் தொடங்கிய டென்மார்க்கின் டிராக்மேன் நிறுவனம் ராடார் கருவியைக் கொண்டுவந்து பந்தைப் பின்தொடர ஆரம்பித்தபிறகு விவாதத்துக்கே இடமில்லாமல் போனது. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கிளப்பின் முகம். டிரைவரில் சுமார் 85 சதவீதம், அயர்னில் சுமார் 75 சதவீதம் என்பார்கள். முகத்துக்கும் வீச்சுப் பாதைக்கும் இடையே உள்ள கோணம்தான் வளைவைத் தருகிறது. இத்தனையும் முடிவாவது பந்தும் கிளப்பும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில். அது ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு.

இது தெரிந்ததும் ஸ்லைஸ் என்பது ஒரே நோய் இல்லை என்று புரிந்தது. பந்து இலக்குக்கு இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைந்து வந்தால், முகத்தைவிடப் பாதை இன்னும் இடப்பக்கம் ஓடுகிறது. வெளியிலிருந்து உள்ளே வெட்டி அடிக்கிறோம். பாதையைத்தான் சரிசெய்யவேண்டும். பந்து கிளம்பும்போதே வலப்பக்கம் கிளம்பி இன்னும் வலப்பக்கம் ஓடினால் முகம் திறந்து கிடக்கிறது. பாதையை விடு, முதலில் பிடியைப் பார். இரண்டு பேருக்கும் பந்து விழுவது அதே புதர்தான். இரண்டு பேரும் யூடியூபில் தேடுவதும் அதே 'ஸ்லைஸ் போக என்ன செய்யவேண்டும்'தான். ஒருவருக்கான வீடியோ மற்றவருக்குக் கெடுதல். கமெண்டில் பாதிப்பேர் "வாழ்க்கையே மாறிவிட்டது" என்றும் மீதிப்பேர் "இன்னும் மோசமாகிவிட்டது" என்றும் எழுதுவதன் ரகசியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. பந்து வலப்பக்கம் வளைகிறதே என்று பயந்து, மனுஷன் இயல்பாகவே இடப்பக்கம் குறிவைப்பான். தோளும் காலும் இடப்பக்கம் திரும்பினால் வீச்சுப் பாதையும் இடப்பக்கம் போகும், கோணம் கூடும், ஸ்லைஸும் கூடும். கிரிக்கெட் ஆடி வளர்ந்த நம்மாட்களுக்கு இதில் தனித் தொல்லை ஒன்று உண்டு. கவர் டிரைவ் ஆடும்போது மட்டையின் முகத்தை ஆஃப் பக்கம் திறந்து, மணிக்கட்டைத் திருப்பாமல் நீளமாகத் தள்ளிப் பழகியிருக்கிறோம். அதே கை கோல்ஃபிலும் முகத்தை மூடமாட்டேன் என்று அடம்பிடிக்கும். சேப்பாக்கத்தில் கைதட்டு வாங்கும் அந்தக் கைக்கு பிரெய்டு ஹில்ஸில் முள்செடிதான் கிடைக்கும்.

சரி, பாதையா முகமா என்று கண்டுபிடித்தாயிற்று. அப்போதும் ஒரு வில்லங்கம் பாக்கி. காலில் வியர்வைக்கு அடிக்கிற பவுடர் ஸ்ப்ரே இருக்கிறதே, அதை டிரைவர் முகத்தில் லேசாக அடித்துவிட்டு ஒரு பந்து அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பூச்சில் வட்டமாக ஒரு தடம் விழும். உற்றுப் பார்த்தால் பந்தின் குழிகள்கூட அச்சுப் பதிந்தமாதிரித் தெரியும். எனக்கு விழுந்த தடம் நடுவில் இல்லை, கிளப்பின் குதிகால் பக்கம், தண்டுக்கு அருகில். டிரைவரில் அங்கே பட்டால், அடி விழும் நேரத்தில் கிளப் தலை திரும்பி, பந்து எதிர்ப்பக்கம் சுழன்று வலது பக்கம் வளையும். முனைப் பக்கம் பட்டால் இடதுபக்கம் வளையும். பல்சக்கரம் ஒன்றையொன்று திருப்புவதுபோல் நடப்பதால் 'கியர் எஃபெக்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆக என் ஸ்லைஸில் ஒரு பங்கு ஸ்விங்கின் தப்பே இல்லை. பந்துக்கு ரொம்பக் கிட்டே நின்றதுதான் காரணம். தோளைப் பற்றியும் இடுப்பைப் பற்றியும் பேசிய அத்தனை வீடியோவும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. பவுடர் கண்டுபிடித்தது.

அயர்னுக்குத் தரைதான் ஏடு. நல்ல ஆட்டக்காரர் பெயர்க்கிற புல் துண்டு, பந்து இருந்த இடத்துக்கு முன்னால் தொடங்கும். நம்முடையது பின்னால் தொடங்கும். ரேஞ்சில் இது தெரியாது, ஏனென்றால் அங்கே பிளாஸ்டிக் பாய். பந்துக்கு ஒரு அங்குலம் பின்னால் அடித்தாலும் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தட்டிவிடும், சத்தமும் நன்றாகவே வரும். பாயில் ராஜாவாக இருந்தவர்கள் புல்லில் பிச்சைக்காரர் ஆவது இப்படித்தான்.

அடுத்தது நம்மை நாமே படம் எடுத்துக்கொள்வது. இதைச் சொல்லாத பயிற்சியாளர் கிடையாது. ஆனால் எப்படி எடுப்பது என்று சொல்கிறவர்கள் குறைவு. பின்னாலிருந்து எடுக்கிறீர்கள் என்றால் ஃபோன் கை உயரத்தில் இருக்கவேண்டும், இலக்குக்கோட்டுக்கு இணையாகப் பார்க்கவேண்டும். ஒரு அடி தள்ளிச் சாய்த்து வைத்தால் போதும், நேரான வீச்சும் வெட்டுகிற வீச்சாகத் தெரியும். இல்லாத வியாதிக்கு மருந்து தேட ஆரம்பித்துவிடுவீர்கள். மச்சினன் ஒருநாள் என் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டுப் பதறினான்.

"அத்தான், உங்க கிளப் வாழைப்பழம் மாதிரி வளையுது. ஷாஃப்ட் போச்சு. புதுசு வாங்கணும்."

கிளப் வளையவில்லை. ஃபோன் கேமரா ஒரு படத்தை மொத்தமாக ஒரே நேரத்தில் எடுப்பதில்லை, வரிவரியாகப் படிக்கிறது. மேல் வரியைப் படித்துவிட்டுக் கீழ் வரிக்கு வருவதற்குள் கிளப் நகர்ந்துவிடுகிறது. அதனால் நேரான தண்டு வில்லாகத் தெரிகிறது. விளக்கிச் சொன்னதும் அவன் முகம் வாடிவிட்டது. அதற்குள் கடையின் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தான்.

படம் எடுத்துப் பார்த்தால் தெரிகிற இன்னொரு விஷயம், உடம்பு நமக்குச் சொல்லும் பொய். கையைப் பாதி தூரம்தான் தூக்கினேன் என்று சத்தியம் செய்வேன். படத்தில் கிளப் தலைக்குப் பின்னால் தொங்கும். இதனால்தான் பெரிய ஆட்டக்காரர்கள் வீடியோவில் "நான் இப்படிச் செய்கிறேன்" என்று சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. அவர்கள் சொல்வது அவர்கள் உணர்வது. செய்வது வேறாக இருக்கலாம்.

வீடியோ எனக்கு உருப்படியாகத் தந்தது என்றால் முதலில் தாளத்தைச் சொல்வேன். ஜான் நொவோசெல் என்ற அமெரிக்கர் பெரிய ஆட்டக்காரர்களின் ஸ்விங்கை வீடியோவில் ஃப்ரேம் ஃப்ரேமாக எண்ணிப் பார்த்தார். 2004-ல் புத்தகமாகவும் வந்தது. கிளப் பின்னால் போக 27 ஃப்ரேம் என்றால் கீழே வந்து பந்தைத் தொட 9. அங்கே 24 என்றால் இங்கே 8. இல்லை, 21-க்கு 7. வேகமாக ஆடுகிறவரோ நிதானமாக ஆடுகிறவரோ, மூன்றுக்கு ஒன்று. நொடிக்கு 30 ஃப்ரேம் என்பதால் கீழே வருவதற்கு ஆகும் நேரம் கால் நொடிக்குக் கொஞ்சம் கூடக் குறைய. அந்தக் கால் நொடிக்குள் தோள், இடுப்பு, மணிக்கட்டு என்று மூன்று அறிவுரையை எந்த மூளையாலும் நினைக்கமுடியாது. தாளத்தை நினைக்கலாம். 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று பின்னால் கொண்டுபோய் 'அடி' என்று இறங்கினால் எனக்குச் சரியாக வருகிறது.

உடம்பை நினைக்காதே என்பதற்கு ஆய்வுத் துணையும் உண்டு. கேப்ரியல் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 1999-ல் புதிதாகக் கோல்ஃப் பழகுகிறவர்களை வைத்துச் சோதித்தார்கள். கையின் அசைவைக் கவனித்தவர்களைவிடக் கிளப்பின் அசைவைக் கவனித்தவர்கள் நன்றாக அடித்தார்கள். யூடியூபின் பெரும்பாலான பாடங்கள் உடம்பின் உறுப்பைத்தான் பேசுகின்றன.

மணல்குழி வேறு ரகம். பங்கரில் வீடியோ சொல்லிக்கொடுப்பதை மனிதர் நேரில் சொல்லவேண்டியதே இல்லை என்பேன், ஏனென்றால் அங்கே தடை தெரியாமைதான். பந்தை அடிக்கக்கூடாது, பந்துக்குப் பின்னால் மணலை அடிக்கவேண்டும். கிளப் முகத்தைத் திறந்து பிடித்தால் அடிப்பாகம் மணலைத் தோண்டாமல் வழுக்கும். மணல்தான் பந்தைத் தூக்கிப்போடும். ஜீன் சாரஸன் 1930-களின் தொடக்கத்தில் வெட்ஜின் அடியில் கனம் சேர்த்ததே இதற்குத்தான். ஒருதரம் புரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். விதிகளும் அப்படியே. 2019-ல் மாற்றியதில், தொலைந்த பந்தைத் தேட ஐந்து நிமிஷம் இருந்தது மூன்றாகிவிட்டது, கொடியை எடுக்காமலே பட் பண்ணலாம், பந்தைத் தோள் உயரத்திலிருந்து போடாமல் முழங்கால் உயரத்திலிருந்து போடவேண்டும். பிரெய்டு ஹில்ஸின் முள்புதருக்குள் கையை விட்டவர்களுக்கு மூன்று நிமிஷம் தாராளம்.

பட்டிங்கைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. வேகம் கைக்குள் இருக்கிறது, திரையில் இல்லை. குழி 108 மில்லிமீட்டர், பந்து 43 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தாராளமான இடம்தான். போகமாட்டேன் என்கிறது.

இவ்வளவும் சொன்னபிறகு, நேரில் ஒரு வாத்தியார் வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பேன். ஒருதரமாவது. போன மாதம் மச்சினனை நச்சரித்து ஒரு பயிற்சியாளரிடம் அரைமணி நேரத்துக்குப் பதிவு பண்ணவைத்தேன். அந்தப் பெரியவர் சில பந்துகளை அடிக்கச்சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு கிட்டே வந்து இவன் இடது கையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி வைத்தார். மீதி நேரம் முழுக்க அதையே பிடித்து அடிக்கச் சொன்னார். பந்து நேராகப் போக ஆரம்பித்தது. காருக்குத் திரும்பும்போது இவனுக்குத் திருப்தியே இல்லை.

"அவ்வளவுதானா அத்தான்? வேற ஒண்ணுமே சொல்லலையே."

அன்றைக்கு ராத்திரி பதினொன்றரைக்கு லிங்க் வந்தது. இடது கையை எப்படிப் பிடிப்பது என்று, இருபத்திச்சொச்சம் நிமிஷம்.